நந்திக்கடலின் வாய்

முல்லைத்தீவு என்ற பெயரைக் கேட்டுவிட்டுத் தோணி தேடுகிறவர் ஏமாந்துதான் போவார். மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று காடும் வயலுமாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடி, பஸ் நேரே ஊருக்குள் இறக்கிவிடும். வழியில் கடக்கக் கடல் கிடையாது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வருகிறவருக்கோ ஊர் வேறு முகம் காட்டும். கடைசியில் வட்டுவாகலில், தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடக்கும் ஓர் ஒற்றை வழிப் பாலம். இடப்பக்கம் பெருங்கடலின் இரைச்சல், வலப்பக்கம் சத்தமில்லாத நீர்ப்பரப்பு. மாரியில் அந்தப் பாலத்தின் மேல் வெள்ளம் ஏறிவிட்டால், வடக்கிலிருந்து வருகிறவருக்கு முல்லைத்தீவு உண்மையிலேயே தீவுதான்.

பெயரின் மற்றப் பாதி இன்னும் வேடிக்கையானது. முல்லை காட்டுக்கு உரிய திணை. ஊர் நிற்பதோ அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த கடற்கரை மணலில். முல்லைக் கொடி செழித்த இடம், அதனால் அந்தப் பெயர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வன்னிக் காட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால், காட்டின் பெயர் கரைக்கு வந்தது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. பேராறு காட்டுக்குள் இருந்து வருகிறது. முத்தையன்கட்டுக் குளத்தை நிறைக்கிறது. குளம் வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சம் நந்திக்கடலில் விழுகிறது. நந்திக்கடல் வட்டுவாகலில் வாய் திறந்து பெருங்கடலோடு கலக்கிறது. முல்லை, மருதம், நெய்தல் மூன்றும் ஒரே ஆற்றில் கோத்த மணிகளாக இருக்கும் நிலம் இது.

முல்லைத்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று கடலைப் பார்க்கிறார்கள், அல்லது போரைப் பார்க்கிறார்கள். இரண்டும் நியாயமே. இந்தக் கட்டுரை பார்க்க விரும்புவது அவற்றுக்கு நடுவே கிடக்கும் அந்த ஆழமில்லாத நீரையும் அதன் வாயையும். அந்த வாய் எப்போது திறக்கிறது, யார் சொல்லித் திறக்கிறது என்ற கேள்வியை இழுத்தால், ஊரின் சாப்பாடு, சண்டை, சாமி, சாவு எல்லாம் கூடவே வருகின்றன.

அரசாங்கக் கடிதங்களில் அது 'நந்திக்கடல் களப்பு'. ஊர்ப் பேச்சில் களப்பு என்ற சொல் அவ்வளவாக இல்லை. பெருங்கடல், சிறுகடல் என்றுதான் பிரிப்பார்கள். பெருங்கடல் தொழில் வேறு, சிறுகடல் தொழில் வேறு. இதே கரையில் தெற்கே போனால் நாயாறு, கொக்கிளாய் என்று இன்னும் இரண்டு சிறுகடல்கள். வடக்கே சாலை, சுண்டிக்குளம் பக்கம் மற்றொன்று. கடலும் சிறுகடலும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்குத் 'தொடுவாய்' என்று ஒரு பழைய சொல் உண்டு. கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப்பெயரில் அது உயிரோடு இருக்கிறது. முகத்துவாரம் என்ற வடசொல் வருவதற்கு முன்பே கரையில் இருந்தவர்கள் கண்ட காட்சி அது. நீர் நீரைத் தொடுகிற வாய்.

அந்த வாய் எப்போதும் திறந்திருப்பதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் மழை இல்லை. ஆற்றில் நீர் இல்லை. அலை ஒதுக்கும் மணல் மெல்ல மெல்ல வாயை அடைத்துத் திட்டாகிவிடும். உள்ளே நீர் வற்றும், உவர்ப்பு ஏறும். கரையோரச் சேறு வெடிக்கும். கடும் வறட்சியில் வெயில் சூடு தாங்காமல் மீன் செத்து ஒதுங்குவதும் உண்டு. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் எல்லாம் தலைகீழாகும். காட்டு வெள்ளமும் குளத்து வான் பாய்கிற வெள்ளமும் ஒரே நேரத்தில் வந்து சேர, சில நாட்களிலேயே சிறுகடல் விளிம்பு தட்டும். அப்போது மணல் திட்டுத் தானாக உடையும். உடையாவிட்டால் மனிதர் வெட்டிவிட வேண்டும். முன்பு மண்வெட்டி, இப்போது பெக்கோ இயந்திரம்.

வெட்டுவதற்கு முன் நடக்கும் வாதம்தான் ஊரின் அரசியல். மேற்குக் கரையில் வயல் வைத்திருப்பவருக்கு, பயிர் அழுகுமுன் வாய் திறக்க வேண்டும். சிறுகடலில் வலை வீசுகிறவருக்கு அவசரம் வேறு. நேரம் தவறித் திறந்தால் உள்ளே வளர்ந்து கொண்டிருக்கும் இறாலும் மீனும் வெள்ளத்தோடு வெளியே போய்விடும் என்பது அவருடைய கணக்கு. திறக்காமலே விட்டாலும் அவருக்கு நட்டம்தான். ஏனென்றால் இறால் இந்தச் சிறுகடலில் பிறப்பதில்லை. தாய் இறால் முட்டையிடுவது வெளியே பெருங்கடலில். குஞ்சுகள் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவில் நீரோட்டத்தோடு வாய் வழியாக உள்ளே வரும். சேறும் கண்டல் வேரும் உள்ள உவர் நீரில் சில மாதங்கள் தின்று வளரும். பருத்த பிறகு மறுபடியும் அதே வாய் வழியாகப் பெருங்கடலுக்குப் போகும். வாய் திறப்பது இறாலுக்கு வரும் வழியும் போகும் வழியுமாகிறது. பிந்தித் திறந்தால் குஞ்சு வராது. முந்தித் திறந்தால் வளர்ந்தது தங்காது. ஒரே வாய்க்கால் மண்ணை வைத்துக் கமக்காரனும் கடற்றொழிலாளியும் எதிரெதிர் நின்று வாதாட, இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அது தீராத வழக்காக இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கூட்டம் போட்டு நாள் குறிப்பது இந்தக் காலத்து ஏற்பாடு. அதற்கு முன்பும் யாரோ நாள் குறித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிறுகடல் ஏழைகளின் கடல். இதை மிகையில்லாமல்தான் சொல்கிறேன். பெருங்கடலுக்குப் போக ஃபைபர் படகு வேண்டும், வெளியிணைப்பு இயந்திரம் வேண்டும், வலை வேண்டும், ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் அரசாங்கம் மண்ணெண்ணெய் விலையை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றியபோது இந்தக் கரையில் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்ததற்குக் காரணம் புயல் அல்ல. சிறுகடலில் இறங்க ஒரு வீச்சுவலையும் இரண்டு கால்களும் போதும். இடுப்பளவு நீரில் நின்று வலையை விரித்து எறிந்து இழுத்தால் அன்றைக்குக் கறிக்கு இறாலோ மணலையோ நண்டோ கிடைக்கும். மிஞ்சினால் வட்டுவாகல் பாலத்தடியில் வைத்து விற்கலாம். வயல் வேலை இல்லாத நாளில் கமக்காரரும் இறங்குவார். போரில் ஆண்துணை இழந்த வீடுகள் நிறைந்த மாவட்டத்தில், கடன் வாங்காமல் அடுப்பு எரிய வைக்கும் நீர் அது. நந்திக்கடல் இறாலின் ருசியைப் பற்றி வன்னியில் யாரிடம் கேட்டாலும் பேச்சு நீளும். அரைத்த தேங்காயில் வைக்கும் இறால் குழம்பா, ஒடியற்கூழில் போடுவதா என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை.

பெருங்கடலின் ஒழுங்கு வேறு. அங்கே பழைய தொழில் கரைவலை. வலையின் ஒரு தலைக்கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை வளைத்து, மறு தலைக்கயிற்றோடு இன்னோர் இடத்தில் கரை சேர்வார்கள். பிறகு இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இழுவைக்குத் தாளமாகப் பாடிய அம்பாப் பாடல்கள் ஈழத்துக் கடற்கரைகளின் தனிச்சொத்து. வலைக்காரர் சம்மாட்டி. பிடிபட்டதில் அவருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. வாடை பெயர்ந்து கடல் தணிகிற மாசி, பங்குனி தொடங்கி மறு மாரி வரும்வரை இந்தக் கரையில் அதற்குக் காலம். இன்று பல இடங்களில் ஆட்களுக்குப் பதில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி கயிறு இழுக்கிறது. முப்பது பேர் செய்த வேலையை நாலைந்து பேர் முடிக்கிறார்கள். அம்பா பாட ஆள் இல்லை. சுழலியால் கரை பாழாகிறது என்று ஒரு கட்சி, ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழி என்ன என்று மறு கட்சி. ஆட்கள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை தெரிந்த ஊரில், இரண்டாவது கட்சியைக் கடிந்து பேச எனக்கு நா எழவில்லை.

கரைவலை எங்கும் போட முடியாது. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை இன்னாருடைய 'பாடு' என்று வரம்பு உண்டு. பாடு என்பது வெறும் மணல் துண்டு அல்ல. அதற்கு முன்னே கிடக்கும் நீரின் மேல் ஓர் உரிமை. முல்லைத்தீவு நகரை ஒட்டிய கரையோரக் கிராமம் ஒன்றின் பெயர் கள்ளப்பாடு. அந்தப் பெயரின் இறுதிச் சொல் இந்தக் கரைவலைப் பாடுதானா என்று நான் யோசிப்பதுண்டு. அப்படியானால் முன்னே நிற்கும் 'கள்ள'த்துக்கு யாரோ ஒருவரின் பழைய முறைப்பாடு காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் பாட்டுக்கான சண்டை ஊகம் இல்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்க் குடிகள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பியபோது, தங்கள் கரையில் தெற்கிலிருந்து வந்த கடற்றொழிலாளர்கள் வாடி போட்டிருந்தார்கள். பருவத்துக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்துவிட்டுத் திரும்புவது இந்தத் தீவின் பழைய வழக்கம். அது சிங்களவருக்கும் உண்டு, தமிழருக்கும் உண்டு. பாட்டின் சொந்தக்காரர் இல்லாதபோது வந்த விருந்தாளி, சொந்தக்காரர் வந்த பிறகும் எழும்பாததுதான் சிக்கல். 2018 ஓகஸ்டில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதற்கும் வெடி வைத்துப் பிடிப்பதற்கும் எதிராக முல்லைத்தீவு நகரில் கடற்றொழிலாளர் நாட்கணக்கில் போராடினார்கள். அதே மாதம் நாயாற்றில் தமிழர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் இரவோடிரவாக எரிந்தன. கரைக்கு அப்பால் தமிழகத்து இழுவைப் படகுகள் வேறு. இழுவை மடியை 2017 இல் இலங்கை சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் கரையில் இருக்கிறது, மடி கடலில் இருக்கிறது.

இனி சாமி. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். கோயில் நந்திக்கடலின் கரையிலேயே இருக்கிறது. மதுரையை எரித்த பின் கண்ணகி ஈழம் வந்து, ஊர் ஊராகத் தங்கிப் பத்தாவதாக இங்கே இளைப்பாறினாள், அதனால் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் சொல்லும் வரலாறு. சொல்லாராய்ச்சிக்காரர் இதை ஒப்புவாரோ மாட்டாரோ, வற்றாத பளை என்று கேட்கிற காதுக்கு, வருடாவருடம் வற்றிப்போகும் ஒரு சிறுகடலின் கரையில் அந்தப் பெயர் நிற்பது ஒரு வேண்டுதல் போலத்தான் ஒலிக்கிறது. கதையில் வருவது அரசி அல்ல, கிழவி. சிறுகடலோரம் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் ஒரு கிழவி வந்தாள். பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை அள்ளி ஊற்றித் திரி போடச் சொன்னாள். விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது மயிருக்குள்ளே ஆயிரம் கண் தெரிந்தது.

அந்தக் கதையை ஊர் ஆண்டுதோறும் செய்தே காட்டுகிறது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன் திங்கட்கிழமை, முள்ளியவளையிலிருந்து பறை முழங்க ஊர்வலமாகப் புறப்பட்டு, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் பெருங்கடலில் இறங்கிக் குடத்தில் நீர் எடுப்பார்கள். அந்த நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். ஏழு நாள் அங்கே அந்தக் கடல் நீரில் விளக்கு எரியும். ஞாயிறு இரவு விநாயகருக்குப் பொங்கல். மடைப்பண்டமும் விளக்கும் பிறகு வற்றாப்பளைக்குப் புறப்படும். திங்களன்று அம்மனுக்குப் பொங்கல். நீர் எப்படி எரிகிறது என்று ஆராய்கிற பேனாக்கள் பல. எனக்கு விளக்கைவிட அது போகும் வழி முக்கியமாகப் படுகிறது. பெருங்கடல் நீர், வயற்காட்டு ஊர் வழியாக, சிறுகடல் கரைக்குப் போய்ச் சேர்கிறது. வாய் அடைத்துக் கிடக்கிற சோளகக் காலத்தில், பெருங்கடலையும் சிறுகடலையும் மனிதர்கள் தோளில் சுமந்து தொடுக்கிறார்கள். மீனவர் ஊரும் கமக்காரர் ஊரும் அதில் ஆளுக்கொரு கடமை வைத்திருக்கிறார்கள். மாரியில் வாயை வெட்டுவதா வேண்டாமா என்று எதிரெதிர் நிற்கப் போகிறவர்கள், வைகாசியில் ஒரே குடத்துக்குப் பின்னால் நடக்கிறார்கள். இப்படி ஒரு சடங்கு யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு உண்டாகாது. ஆனால் திட்டமிட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

ஊரின் பழைய கோட்டையைப் பற்றியும் கொஞ்சம். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் நாகெல் என்ற அதிகாரி இங்கிருந்து வன்னியை ஆண்டு, 1793 இல் அதைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதினார். கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போன பின், 1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னித் தலைவன் பண்டார வன்னியன் அதைத் தாக்கிப் பீரங்கிகளையும் கைப்பற்றினான். ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் வொன் டிரிபேர்க் என்ற தளபதி அவனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல்லில் வெட்டி வைத்தார்கள். தோற்கடித்தவன் நாட்டிய கல், தோற்றவனுடைய நினைவிடமாகிப்போனது. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கில நூல் இன்றும் இந்தப் பக்கத்து வரலாறு எழுதுகிறவர்களின் கைத்தடி. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் இறுதியில்தான். வட மாகாணத்தில் பரப்பால் பெரிய மாவட்டம் இது, 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2012 குடிசனக் கணக்கில் ஆட்கள் 92 ஆயிரம் பேர்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். கடல் முதலில் வந்தது கள்ளப்பாட்டுக்கும் செல்வபுரத்துக்கும் நகரத்துக்கும். கரையிலிருந்த புனித இராயப்பர் தேவாலயம் சிதைந்தது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அலை ஊரோடு நிற்கவில்லை. குறுகிய நிலத்தைக் கடந்து சிறுகடலுக்குள் இறங்கியது. பெருங்கடலுக்கும் சிறுகடலுக்கும் நடுவே அந்தக் காலையில் வாய் என்று தனியாக எதுவும் இருக்கவில்லை, ஊரே வாயாகிவிட்டது. அதன் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக் கொழும்பு வரம்பு வகுத்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அதுவே தளர்த்தப்பட்டது. வரைபடத்தில் கோடு போட்டவருக்குத் தெரியாத ஒன்று, வட்டுவாகல் பக்கத்தில் கடலிலிருந்து 200 மீற்றர் பின்வாங்கினால் சில இடங்களில் முதுகு சிறுகடலில் நனையும் என்பது.

போரில் இந்த நகரம் ஒரு பாசறையாகச் சுருங்கியது. 1996 ஜூலை 18 அன்று விடுதலைப் புலிகள் அந்த முகாமைத் தாக்கி வீழ்த்தினார்கள். 2009 ஜனவரி 25 இல் இராணுவம் நகரைத் திரும்பக் கைப்பற்றியது. அதற்கு முன்பே, 1990 ஒக்டோபரில், மாவட்டத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியிருந்தார்கள். யாருடைய இடப்பெயர்வையும் விட்டுவிட்டு இந்த மண்ணின் கணக்கை முடிக்க முடியாது.

பிறகு 2009. மாத்தளனிலிருந்து வட்டுவாகல் வரை, பெருங்கடலுக்கும் நீர்நிலைக்கும் இடையில் ஒரு நீண்ட மணல் ஒடுக்கம். இலட்சக்கணக்கான மக்கள் அதற்குள் அடைபட்டார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அதற்குப் பெயர் வைத்தது. ஏப்ரலில் மாத்தளன் பக்கம் மக்கள் கழுத்தளவு நீரில் பிள்ளைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். மே நடுப்பகுதியில் மிஞ்சியவர்கள் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தின் மேலாக நடந்தார்கள். கறிக்கு இறால் பிடிக்க இடுப்பளவு நீரில் இறங்கிப் பழகிய அதே சேறு. மே 18 இல் பாலத்துக்கு இப்பால், சரணடையச் சொன்ன இடத்தில், தங்கள் பிள்ளைகளையும் கணவர்மாரையும் இராணுவத்திடம் கையளித்தவர்கள் பிறகு அவர்களைக் காணவில்லை. முல்லைத்தீவு நீதிமன்றத்தில் அதற்கான ஆட்கொணர்வு விசாரணைகள் ஆண்டுகளாக இழுபட்டன. 2017 மார்ச் 8 அன்று அந்தத் தாய்மார் நகரில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த இடம் எது என்று கேட்டால் அவர்களில் பலர் சொல்லும் பெயர் வட்டுவாகல்.

மக்கள் திரும்பி வந்தபோது நீர் அங்கேதான் இருந்தது, கரைதான் கைமாறியிருந்தது. களப்பின் மேற்குக் கரையில் உள்ள கேப்பாபிலவு பெரும் இராணுவத் தலைமையகம் ஆகியிருந்தது. 2012 செப்டெம்பரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் கேப்பாபிலவு மக்களும் இருந்தார்கள். இறக்கிவிட்ட இடம் அவர்களுடைய ஊரல்ல, பக்கத்தில் காடு வெட்டி அமைத்த மாதிரிக் கிராமம். 2017 ஜனவரி 31 இல் கேப்பாபிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வேலிக்கு முன்னால் குழந்தைகுட்டிகளோடு உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கிடந்த பின், மார்ச் 1 இல் அவர்கள் காணி விடுபட்டது. பாலத்தின் வடக்கே, முகத்துவாரத்தை ஒட்டி, கடற்படை முகாம். அதற்காகக் காணியை அளந்து எடுத்துக்கொள்ள நில அளவையாளர் வந்தபோதெல்லாம் மக்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

2017 ஜனவரியில் மற்றுமொரு சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். வர்த்தமானி அறிவித்தலொன்றின் வழியாக நந்திக்கடலில் 4,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட பரப்பு இயற்கை ஒதுக்கிடமாயிற்று. நாயாறும் கூடவே. பறவைக்கும் கண்டலுக்கும் காப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க நியாயம் இல்லை. வாடையில் வந்திறங்கும் பறவைக் கூட்டத்தைப் பார்த்தவர் அதை மறுக்கவும் மாட்டார். ஆனால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கல், தலைமுறையாக வலை வீசிய கரையிலும், பாட்டன் உழுத வயல் வரம்பிலும் நடப்பட்டபோது, இது எந்தப் பறவைக்காக என்று மக்கள் கேட்டார்கள். களப்பைக் காப்பது என்றால் முதலில் அதன் வாயைக் காக்க வேண்டும். வாயில் இன்று கடற்றொழில் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச செயலகம், கடற்படை என்று எல்லோருக்கும் ஒரு கை உண்டு. சிறுகடல் தொழிலாளர் சங்கத்துக்குக் கூட்டத்தில் ஒரு கதிரை மட்டும்தான்.

பாலத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். சுனாமியும் போரும் பிய்த்துப்போட்ட அந்தத் தாழ்ந்த கட்டு, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லொறி வந்தால் மறுகரையில் மற்றது காத்து நிற்க வேண்டும். 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கான வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். வீதிக்கு நல்லது, சந்தேகமில்லை. களப்புக்கு எப்படி என்பது தூண்களுக்கிடையே எவ்வளவு அகலம் விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இறுக்கமான கட்டு நீரோட்டத்தை மெதுவாக்கும். மெதுவான நீர் மண்ணைப் படிய விடும். படிந்த மண் வாயை முந்தி அடைக்கும். பாலம் என்பது வீதியின் ஒரு துண்டு மட்டுமல்ல, இங்கே அது சிறுகடலின் தொண்டை.

வேலை தொடங்கி மூன்று மாதம் ஆகுமுன் டித்வா புயல் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் குளங்களெல்லாம் வான் பாய்ந்தன. பழைய பாலம் வெள்ளத்தில் உடைபட்டு, முல்லைத்தீவு மறுபடியும் பெயருக்கேற்றபடி ஆனது. அதே நாட்களில் வடக்கே சுண்டிக்குளத்தில், வெள்ளம் வடியட்டும் என்று முகத்துவாரத்தை அகலப்படுத்தப் போன கடற்படையினர் ஐவர் நீரில் அள்ளுண்டு உயிரிழந்தார்கள். கொழும்புப் பத்திரிகைகளில் அது ஒரு புயல் செய்தி. இந்தக் கரையில் வாய் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பயம் அது. மணல் திட்டில் ஒரு முழம் அகலத்துக்கு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், மிச்சத்தை வெள்ளமே வெட்டிக்கொள்ளும். கீறியவர் அந்த நேரம் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

பெருங்கடல் கொண்டுவந்து தருவதும் உண்டு. 2024 டிசம்பர் 19 அன்று முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால் ஒரு படகு திசை தெரியாமல் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட மியன்மார் அகதிகள், அவர்களில் குழந்தைகள் பலர். முதலில் கண்டவர்கள் இந்தக் கரைக் கடற்றொழிலாளர்கள். செய்தி பரவியதும் ஊர்ச்சனம் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடியது. 2009 இன் நினைவாக ஒவ்வொரு மே மாதமும் உப்பும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் நின்று வார்க்கிற ஊர் அது. படகை அதிகாரிகள் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள்.

தை பிறந்து வாடை தணியும்போது வட்டுவாகலில் நீர் நிறம் மாறும். காட்டு வெள்ளத்தின் செம்மண் கலங்கல் மெல்லத் தெளிந்து, பெருக்கு நேரத்தில் கடலின் பச்சை உள்ளே ஏறும். விளிம்பில் ஆட்கள் வீச்சுவலையை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய கால்களைத் தாண்டி, வலைக்கண்ணில் சிக்காத சிறுசுகளாக, மயிரிழைப் பருமனில் இறால் குஞ்சுகள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.